பேராலயத்தை விஞ்சிய பங்கு ஆலயம்: லூபெக் நகரின் புனித மரியாள் ஆலயம்

வட ஜெர்மனியின் லூபெக் நகரில் பிஷப் எனப்படும் ஆயருக்கென்று ஒரு பேராலயம் இருக்க, அதை விஞ்சும் உயரத்தில் ஒரு பங்கு ஆலயம் எப்படி எழுந்தது என்று கேட்டிருந்தீர்கள். 1942-இல் குண்டுவீச்சில் எரிந்துபோன அந்த ஆலயத்தில் இன்று காண்பவற்றுள் எவையெவை உண்மையிலேயே இடைக்காலத்தவை என்பது தங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி. ஐரோப்பியக் கட்டடங்களுள் என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒன்றைப் பற்றிய கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பேராலயம் என்பது ஆயரின் இருக்கை அமைந்த கோயில். அதன் தகுதி அந்த இருக்கையால் வருவதே தவிர அளவால் வருவதன்று. பங்கு ஆலயம் என்பது ஒரு வட்டாரத்து மக்கள் தம் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும், திருமணம் முடிக்கவும், இறந்தவர்களை அடக்கம் செய்யவும் உரிமை பெற்ற கோயில். லூபெக்கின் மரியாள் ஆலயம் சந்தையை ஒட்டிய பங்கின் கோயிலாக இருந்தது. அந்தப் பங்கில் குடியிருந்தவர்களோ பால்டிக் கடல் வாணிகத்தைக் கையில் வைத்திருந்த பெருவணிகர்கள். தங்கள் முதல் கேள்விக்கான விடை இந்த ஒரு செய்தியிலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

நகரின் அமைப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பழைய லூபெக், திராவ, வாக்கெனிட்ஸ் என்னும் இரண்டு ஆறுகளின் நீர் சூழ்ந்த ஒரு நீண்ட மேடு. 1143-இல் ஹோல்ஸ்டைன் பிரபு இரண்டாம் அடோல்ஃப் நிறுவிய குடியிருப்பை, சிங்கம் என்று பட்டம் பெற்ற சாக்சனிக் கோமகன் ஹென்றி 1159-இல் புதிதாக நிறுவினார். அடுத்த ஆண்டே ஆயரின் இருக்கையும் ஓல்டன்பர்க் என்ற ஊரிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. 1173-இல் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் அதே ஹென்றிதான். ஆனால் பேராலயத்துக்குக் கிடைத்த இடம் மேட்டின் தென்கோடி. மேட்டின் நடுவே, மிக உயர்ந்த பகுதியில், சந்தைத் திடலும் நகர்மன்றமும் இருந்தன; அவற்றுக்கு அணைந்தாற்போல் மரியாள் ஆலயம் நின்றது. 1226-இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் அளித்த சாசனத்தால் லூபெக் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாயிற்று. அதற்குப் பிறகு நகருக்குள் வணிகர் மன்றத்துக்கு நிகரான அதிகாரம் என்று சொல்லத்தக்கது ஆயரிடம் மட்டுமே எஞ்சியிருந்தது. பங்குக் குருவை நியமிப்பது யார் என்பது போன்ற உரிமைகளுக்காக இரு தரப்பும் பல காலம் வழக்காடின. அந்த வழக்கில் மன்றம் முன்வைத்த வாதங்களுள் எல்லார் கண்ணிலும் பட்டது இந்தக் கட்டடம்தான் என்று நான் கருதுகிறேன்.

தங்கள் கேள்வியில் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டும். மரியாள் ஆலயம் எல்லா அளவிலும் பேராலயத்தை மிஞ்சிவிடவில்லை. பேராலயத்தின் நீளம் ஏறத்தாழ 130 மீட்டர். மரியாள் ஆலயத்தின் நீளம் ஏறத்தாழ 102 மீட்டர். வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. மரியாள் ஆலயத்தின் நடுக்கூடத்தில் தரையிலிருந்து வளைகூரையின் உச்சி வரை 38.5 மீட்டர். உலகில் செங்கல்லால் கட்டப்பட்ட வளைகூரைகளுள் இதுவே மிக உயர்ந்தது. கோபுரங்கள் இரண்டும் ஏறத்தாழ 125 மீட்டர் உயரம். பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் அவற்றைவிடப் பத்து மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தவை.

இந்த வடிவம் ஒரே மூச்சில் வந்ததன்று. இந்த இடத்தில் முதலில் இருந்தது மரத்தாலான கோயில். பிறகு 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரைவட்ட வளைவுகள் கொண்ட ரோமனெஸ்க் பாணியில் செங்கல் கோயில் ஒன்று எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் நடுவில், 1251-இன் பெருந்தீயை ஒட்டிய காலத்தில், அதை விரிவாக்கத் தொடங்கியபோது வேறொரு திட்டம் இருந்தது. நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் ஒரே உயரத்தில் அமையும் மண்டபக் கோயிலாகக் கட்டுவதே அந்தத் திட்டம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் கைவிட்டு, பிரான்சில் கூர்வளைவுகள் கொண்ட கோத்திக் பாணியில் எழுந்த பேராலயங்களைப் போல நடுக்கூடத்தைப் பக்கக்கூடங்களுக்கு மேலே வெகுவாக உயர்த்தும் திட்டத்துக்கு மாறினார்கள். கீழ்த்திசைக் கருவறைப் பகுதி 1277-ஐ ஒட்டித் தொடங்கி அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் முடிந்தது. துணிவாணிகத்துக்காக இன்றைய பெல்ஜியப் பகுதியான ஃபிளாண்டர்ஸுக்கும் அதற்கு அப்பாலும் சென்றுவந்த வணிகர்கள், அங்கே ஆயர்களும் அரசர்களும் எழுப்பிய கோயில்களைக் கண்ணால் கண்டவர்கள். பாதி எழுந்த சுவரை விட்டுவிட்டுப் புதுத் திட்டத்துக்கு மாறும் அளவுக்கு அவர்களிடம் பணமும் பிடிவாதமும் இருந்தன.

அவர்களிடம் இல்லாதது கல். பிரான்சின் பேராலயங்கள் வெட்டுவதற்கும் செதுக்குவதற்கும் இசைந்த சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. வட ஜெர்மனியின் சமவெளியில் அப்படிப்பட்ட கல் கிடையாது. பனியுகத்துப் பனியாறுகள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இழுத்துவந்து போட்ட கருங்கல் உருண்டைகள் வயல்களில் கிடைக்கும். அடித்தளம் போட அவை உதவும். சன்னல் கம்புகளையோ இலைவேலைப்பாடுகளையோ அவற்றில் செதுக்குவது இயலாத காரியம். எனவே களிமண்ணைக் குழைத்து அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் சுட்டுத்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருந்தது. அக்காலச் செங்கல் இன்றைய செங்கல்லைவிடப் பெரியது, ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் கனமும் கொண்டது. ஒரு கொத்தனார் இரு கைகளாலும் எடுத்து வைக்க வேண்டிய பாரம்.

கல்லுக்கும் செங்கல்லுக்கும் உள்ள வேறுபாடு பொருளோடு நின்றுவிடுவதில்லை, வடிவத்தையே மாற்றிவிடுகிறது. கல்தச்சர் ஒரு பாளத்தை எடுத்து, வேண்டாததைக் கழித்து, தன் மனத்திலுள்ள உருவத்தைக் கொண்டுவருகிறார். செங்கல்லில் அப்படிக் கழிக்க முடியாது. தூணின் விளிம்பு உருண்டையாக வேண்டுமென்றால், கட்டத் தொடங்கும் முன்பே உருண்டை விளிம்புள்ள அச்சு செய்து, வேண்டிய எண்ணிக்கையில் கற்களைச் சுட்டு வைத்திருக்க வேண்டும். வளைகூரையின் ஒவ்வொரு நரம்புக்கும், ஒவ்வொரு சன்னல் ஓரத்துக்கும் தனித்தனி அச்சு. ஆகவே அலங்காரம் குறையும், ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வரும், பரந்த சுவர்ப்பரப்பு வெறுமையாக நிற்கும். பிரெஞ்சுப் பேராலயத்தின் முகப்பில் நூற்றுக்கணக்கான சிலைகள் நிற்கும் இடத்தில், லூபெக்கில் செந்நிறச் சுவரும் கூர்வளைவுச் சன்னல்களும் மட்டுமே இருக்கின்றன. இதைச் சிலர் வறுமை என்பார்கள். எனக்கு அது வலிமையாகவே தெரிகிறது. கண்ணைத் திசைதிருப்பச் சிற்பங்கள் இல்லாததால், கட்டடத்தின் எலும்புக்கூடே அதன் அழகாக நிற்கிறது.

அந்த எலும்புக்கூட்டின் இயக்கத்தையும் சொல்ல வேண்டும். 38 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளைகூரை கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. சுவர்களைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்காவிட்டால் சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்துவிடும். பக்கக்கூடத்துக் கூரைகளின் மேல் வெளியே தாவிச் செல்லும் முட்டுவளைவுகள் அந்தத் தள்ளலை வாங்கி, வெளிப்புறத்து முட்டுச்சுவர்கள் வழியாகத் தரைக்கு இறக்குகின்றன. பிரான்சில் கல்லால் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டைச் செங்கல்லால், இந்த உயரத்தில் செய்துகாட்டியதுதான் லூபெக் கொத்தனார்களின் பெருஞ்சாதனை. சிறுசிறு துண்டுகளைச் சாந்தால் ஒட்டி உருவாக்கும் வளைவு ஒவ்வொரு இணைப்பிலும் சோதனைக்குள்ளாகிறது. ஆயிரம் இணைப்புகளில் சில பிசகினாலும் வளைவு தொய்ந்துவிடக்கூடும். அவை ஏறத்தாழ 700 ஆண்டுகளாக நிற்கின்றன.

கருவறைப் பகுதியில் இன்னொரு நயம் உண்டு. பலிபீடத்தைச் சுற்றிவரும் நடைகூடமும் அதிலிருந்து பிதுங்கும் சிற்றாலயங்களும் பிரெஞ்சு முறையில் அமைந்தவை. ஆனால் இங்கே ஒவ்வொரு சிற்றாலயமும் அதன் எதிரிலுள்ள நடைகூடப் பகுதியும் ஒரே வளைகூரையின் கீழ் சேர்ந்துவிடுகின்றன. தனித்தனி அறைகளாகப் பிரியாமல் இடம் அகன்று விரிகிறது. பிரெஞ்சுக் கோயில்களில் நடுக்கூடச் சுவர் மூன்று அடுக்குகளாகப் பிரிவது வழக்கம்; இங்கே கீழே வளைவு வரிசை, மேலே சன்னல் வரிசை என்று இரண்டே அடுக்குகள்.

கோபுரங்களுக்கு வருவோம். முதலில் மேற்கே ஒற்றைக் கோபுரம்தான் எண்ணத்தில் இருந்தது. பங்கு ஆலயத்துக்கு ஒரு கோபுரம் என்பதே வழக்கம். இரட்டைக் கோபுரம் பேராலயத்துக்குரிய மரியாதை. 1304-இல் வடகோபுரத்தையும் 1310-இல் தென்கோபுரத்தையும் தொடங்கி 1351-இல் முடித்தபோது அந்த மரியாதையை வணிகர்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். முந்தைய ஆண்டான 1350-இல்தான் கொள்ளைநோய் லூபெக்கை வாரிக்கொண்டு போயிருந்தது என்பதை நினைக்கும்போது, கூம்புகளை உச்சி வரை கொண்டுபோய் முடித்த அந்தக் கைகளின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

கோயிலுக்குள் நகராட்சி எவ்வளவு ஆழமாகக் கலந்திருந்தது என்பதற்கு மேயர் சிற்றாலயம் சான்று. மன்றத்துக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இங்கே பதவியேற்றார்கள். அதன் மேல்தளத்தில் திரேஸ என்றழைக்கப்படும் காப்பறை இருக்கிறது. பேரரசர்கள் தந்த சாசனங்களும், பிற நகரங்களோடும் நாடுகளோடும் செய்த உடன்படிக்கைகளும் அதில்தான் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அந்தக் காப்பறை இன்றும் நகராட்சியின் உடைமை. ஹன்சா என்னும் வணிக நகரக் கூட்டணியின் பொதுப்பேரவை 1356-இல் லூபெக்கில் கூடியது. அதன் தலைமை நகரின் பத்திரங்கள் ஒரு கோயிலின் மாடியில் இருந்தன.

தெற்குப் பக்கத்தில் 1310-இல் கட்டிய சிற்றாலயத்தைத் தவறவிடக் கூடாது. ஏறத்தாழப் பத்து மீட்டர் உயரமுள்ள, ஒற்றைக் கருங்கல்லில் வடித்த இரண்டு மெல்லிய தூண்கள் அதன் விண்மீன் வடிவ வளைகூரையைத் தாங்குகின்றன. செங்கல் நாட்டில் கடல் கடந்து கொண்டுவந்த அந்தக் கல், செல்வத்தின் வெளிப்படையான காட்சி. பிற்காலத்தில் எழுத்தர்கள் கடை போட்ட இடம் என்பதால் அது கடிதச் சிற்றாலயம் என்று பெயர் பெற்றது.

உள்ளே உள்ள பொருள்களுள் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஹான்ஸ் அப்பெங்கெட்டர் 1337-இல் வார்த்த வெண்கலத் திருமுழுக்குத் தொட்டி ஏறத்தாழ 400 லிட்டர் கொள்ளும். அக்கால ஹம்பர்க் பீர்ப் பீப்பாயின் அளவும் ஏறத்தாழ அதுவே. கருவறையின் வடசுவரில் கிளாஸ் குரூட 1479-இல் முடித்த, திருப்பலி அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை 9.5 மீட்டர் உயரம். ஏறத்தாழ ஆயிரம் வெண்கலத் துண்டுகளைப் பொருத்திச் செய்தது. மூன்றாவது மிகச் சிறியது. கருவறையின் பின்புற நடைகூடத்தில், கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் கல் புடைப்புச் சிற்பங்களுள் இறுதி இராவுணவுக் காட்சியின் கீழ் ஓரத்தில், ஒரு செடியின் வேரைக் கடித்துக்கொண்டு ஒரு சுண்டெலி இருக்கிறது. ஆலயச் சுவரை ஒட்டி நின்ற ரோஜாச் செடி பூக்கும் வரை நகரம் சுதந்திரமாக இருக்கும் என்று மக்கள் நம்பினார்கள். எலி அதன் வேரைக் கடித்ததால் செடி பட்டுப்போய், 1201-இல் நகரம் டென்மார்க்கின் கைக்குப் போயிற்று என்பது கதை. தொட்டால் நல்லது நடக்கும் என்று தலைமுறை தலைமுறையாக விரல்கள் பட்டுப்பட்டு, வெளிறிய கல்லுக்கு நடுவே அந்த எலி மட்டும் கன்னங்கரேலென்று பளபளக்கிறது.

1531-இல் நகரம் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றது. அதன்பின் இந்த ஆலயத்தின் புகழ் இசையால் வளர்ந்தது. 1668 முதல் 1707 வரை இங்கே ஆர்கன் என்னும் பெரிய குழாய் இசைக்கருவியை வாசித்த டீட்ரிக் புக்ஸ்டஹூட, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஐந்து ஞாயிறுகளில் நடத்திய மாலை இசை நிகழ்ச்சிகள் வடக்கெங்கும் பேசப்பட்டன. 1705-இல், பின்னாளில் பெரும் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற யோகான் செபாஸ்டியன் பாக் தம் 20-ஆம் வயதில், ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து வந்து அவருடைய இசையைக் கேட்டார். நான்கு வார விடுப்பில் வந்தவர் ஏறத்தாழ நான்கு மாதம் தங்கிவிட்டு, ஊர் திரும்பியதும் ஆலய நிர்வாகத்தினரின் கண்டனத்துக்கு ஆளானார்.

கட்டடமாகவும் இது பலரைத் தன் வழியில் இழுத்தது. ஸ்டிரால்சுண்ட், விஸ்மர், ரோஸ்டாக், டோபெரான் என்று பால்டிக் கரையோரமாக ஏறத்தாழ 70 ஆலயங்கள் இதை முன்மாதிரியாகக் கொண்டவை. லூபெக்கின் பழைய நகரம் 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இனி இரண்டாம் கேள்வி. 1942 மார்ச் 28-ஆம் நாள் இரவு, விடிந்தால் குருத்து ஞாயிறு. பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய எரிகுண்டுகளில் பழைய நகரின் ஒரு பெரும்பகுதியோடு மரியாள் ஆலயமும் எரிந்தது. மரக்கூரைகளும் கோபுரக் கூம்புகளும் சாய்ந்தன, வளைகூரை சில இடங்களில் இடிந்து விழுந்தது. பெர்ன்ட் நோட்கே 1463-இல் வரைந்த மரண நடனம் என்னும் நீண்ட ஓவியத்தின் இடத்தில் 1701 முதல் இருந்துவந்த நகல் சாம்பலாயிற்று. 1566-இல் முடிந்த வானியல் கடிகாரமும், பாக் கேட்டிருக்கக்கூடிய ஆர்கன்களும் அழிந்தன. தென்கோபுரத்து மணிகள் உச்சியிலிருந்து விழுந்து தரையில் மோதின. அவற்றுள் பெரியது 1668-இல் வார்த்தது, 7 டன்னுக்கு மேற்பட்ட எடை. இன்றும் அவை விழுந்த இடத்திலேயே, விழுந்த கோலத்திலேயே கிடக்கின்றன. வெண்கலம் மண்பானை போல உடைந்திருக்கிறது. தரையின் கற்கள் அவற்றைச் சுற்றி நொறுங்கிக் குழிந்திருக்கின்றன. யாரும் அவற்றை நகர்த்தவில்லை. அந்த இடத்தையே நினைவிடமாக விட்டுவிட்டார்கள்.

மீட்பு வேலை 1947-இல் தொடங்கி 1959 வரை நடந்தது. கோபுரக் கூம்புகளை மறுபடி மரத்தால் செய்யாமல், தீக்கு அஞ்சி, இலேசான கான்கிரீட்டில் எழுப்பி வெளியே செப்புத் தகடு போர்த்தினார்கள். கூரையின் நடுவிலுள்ள சிறு கூம்பு 1980-இல்தான் திரும்ப வந்தது. எனவே தொலைவிலிருந்து தெரியும் பச்சைக் கூம்புகள் 20-ஆம் நூற்றாண்டின் வேலை. அவற்றைத் தாங்கும் சிவந்த கோபுர உடல்கள் 14-ஆம் நூற்றாண்டினுடையவை.

ஓவியங்களின் கதை சிக்கலானது. தீயின் வெப்பத்தில் பிற்காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தபோது, அடியில் மறைந்திருந்த இடைக்காலச் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. அவற்றைச் சீர்செய்யும் பணி டீட்ரிக் ஃபை என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சாரத்தின் மேல் உண்மையில் தூரிகை பிடித்தவர் லோதர் மால்ஸ்காட். நடுக்கூடத்தில் மங்கிய எச்சங்கள் இருந்தன. கருவறைச் சுவரின் மேற்பகுதியிலோ ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அங்கே மால்ஸ்காட் தாமாகவே 21 புனிதர் உருவங்களை வரைந்து 13-ஆம் நூற்றாண்டுப் படைப்பாகக் காட்டினார். 1951-இல் ஆலயத்தின் 700-ஆம் ஆண்டு விழாவில் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடனாவர் கலந்துகொண்டார். சிறப்பு அஞ்சல்தலைகளும் வெளியாயின. அறிஞர்கள் வியந்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு மால்ஸ்காட் தாமே உண்மையை வெளியிட்டார். முதலில் யாரும் நம்பவில்லை. இறுதியில் வழக்கு நடந்து இருவரும் சிறைத்தண்டனை பெற்றார்கள். கருவறைப் பகுதியின் போலி உருவங்கள் அகற்றப்பட்டன.

ஆகவே, இன்று உள்ளே நிற்கும் ஒருவர் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். தூண்கள், சுவர்கள், முட்டுவளைவுகள், கோபுரங்களின் செங்கல் உடல் ஆகியவை இடைக்காலத்தவை. வெண்கலத் தொட்டி, நற்கருணைப் பேழை, 1518-இன் ஆண்ட்வெர்ப் பலிபீடம், புடைப்புச் சிற்பங்கள் ஆகியவையும் அழிவுக்குத் தப்பிய பழையவை. வளைகூரையின் சில பகுதிகளும், கூரை முழுதும், கூம்புகளும், சன்னல் கண்ணாடிகளும் போருக்குப் பிந்தையவை. மேற்கிலுள்ள பெரிய ஆர்கன் 1968-இல் அமைத்தது, வானியல் கடிகாரம் 1967-இல் முடித்தது. நடுக்கூடச் சுவரோவியங்களை மட்டும் பழையதென்றோ புதியதென்றோ ஒரே சொல்லில் தீர்த்துவிட முடியாது. கோடுகளின் அடியில் இடைக்கால எச்சம் இருக்கிறது. அதன்மேல் மால்ஸ்காட்டின் கை பலமாகவே விழுந்திருக்கிறது. செங்கற்களைப் பொறுத்தவரை அந்த ஐயத்துக்கு இடமில்லை. வெளிச்சுவரில் கையை வைத்தால், அச்சில் வார்த்து விரலால் வழித்த களிமண்ணின் மேடுபள்ளம் இன்றும் உள்ளங்கையில் தட்டுப்படும்.